அத்தியாயம் 7: வேலை கடல் கடந்து போனால்
(அமெரிக்காவில் சேவைத் துறை ஊழியருக்கான வர்த்தகப் பாதிப்பு உதவி)

வேலை போகப்போகிறது என்பது பலருக்குக் கடிதம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு குழுவுக்கு 'கே.டி.' (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது உங்கள் வேலையறிவை ஒப்படைப்பது) கொடுக்கச் சொல்வார்கள். நீங்கள் பத்து வருடமாகச் செய்த வேலையை ஆறு வாரத்தில் எழுதிவைக்கச் சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு அழைப்பில் சேர வேண்டும், ஏனென்றால் மறுமுனையில் சென்னையிலோ மணிலாவிலோ மாலையாகிவிட்டது. அந்த அழைப்பின் இரு முனையிலும் தமிழர் இருப்பதும் உண்டு. இந்த அத்தியாயம் இந்த முனையில் இருப்பவருக்காக, அமெரிக்காவில் வேலையை இழப்பவருக்காக எழுதப்பட்டது.

வெளிநாட்டு வர்த்தகத்தால் வேலை இழந்தவர்களுக்கென்றே அமெரிக்காவில் ஒரு கூட்டாட்சித் திட்டம் உண்டு. அதன் பெயர் டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், சுருக்கமாக டி.ஏ.ஏ. அது முதலில் ஆலைத் தொழிலாளிக்காக எழுதப்பட்டது. கால் சென்டரில், பில்லிங் பிரிவில், மென்பொருள் ஆதரவில் இருப்பவர்களுக்கு அது சில ஆண்டுகள் திறந்தும் சில ஆண்டுகள் மூடியும் இருந்தது. இன்று யாருக்கும் புதிதாகத் திறப்பதில்லை. ஆகவே "எனக்கு உண்டா?" என்ற கேள்விக்கு இரண்டு தகவல்கள் வேண்டும்: உங்கள் வேலை எந்தத் தேதியில் போனது, அது எங்கே போனது.

முதலில் தேதியைப் பாருங்கள்

2022 ஜூலை 1 முதல் டி.ஏ.ஏ. திட்டத்தின் முடிவு விதி அமலில் இருக்கிறது. அன்றிலிருந்து அமெரிக்கத் தொழிலாளர் துறை புதிய மனு எதையும் ஏற்பதில்லை, எந்த மனு மீதும் தீர்மானம் தருவதில்லை, மறுபரிசீலனைக் கோரிக்கைகளையும் வாங்குவதில்லை. சட்டம் நீக்கப்பட்டுவிடவில்லை. நாடாளுமன்றம் புதுப்பிக்காததால் அது செயலிழந்து கிடக்கிறது. இதை வைத்து உங்கள் நிலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் குழுவுக்கு, அதாவது உங்களோடு சேர்ந்து வேலை இழந்த ஊழியர்களுக்கு, தொழிலாளர் துறையின் தகுதிச் சான்று ஏற்கெனவே கிடைத்து, நீங்கள் 2022 ஜூன் 30 அன்றோ அதற்கு முன்போ வேலை இழந்திருந்தால், உங்கள் உரிமை போகவில்லை. அன்றே விண்ணப்பிக்காமல் விட்டவர்களும் மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

2. 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ வேலை போயிருந்தால் டி.ஏ.ஏ. இப்போது கிடைக்காது. "கதவு மூடியிருக்கும்போது" என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். ஆனால் கோப்பு வைத்துக்கொள்வது பற்றிய கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

3. சக ஊழியர்கள் மனுப் போட்டார்களா என்றே உங்களுக்குத் தெரியாமல் இருந்தால், தொழிலாளர் துறையின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். சான்று ஒரு குழுவுக்கே தரப்படுகிறது. உங்கள் கையெழுத்து மனுவில் இல்லாவிட்டாலும் அந்தக் குழுவில் நீங்கள் அடங்குவீர்கள்.

பொருளா, சேவையா?

1962ல் கென்னடி ஆட்சியில் வர்த்தக விரிவாக்கச் சட்டத்தோடு இந்த உதவி பிறந்தது. நாடு முழுவதும் மலிவான இறக்குமதியால் பயனடையும்போது அதன் விலையைச் சில தொழிலாளர்கள் மட்டும் சுமக்கக் கூடாது என்பது அதன் நியாயம். நியாயம் பெரிதாக இருந்தாலும் வாசல் குறுகலாகவே இருந்தது. 1969 வரை ஒரு மனுவுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. 1974ம் ஆண்டு வர்த்தகச் சட்டம் விதிகளைத் தளர்த்திய பிறகுதான் திட்டம் உயிர் பெற்றது.

அந்தச் சட்டத்தில் ஒரு சொல் சேவை ஊழியர்களைப் பல ஆண்டுகள் வெளியே நிறுத்தியது. தொழிலாளியின் நிறுவனம் ஒரு 'பொருளை' உற்பத்தி செய்திருக்க வேண்டும் என்றது சட்டம். எஃகு பொருள், சட்டை பொருள். இன்சூரன்ஸ் கோரிக்கையைச் சரிபார்ப்பது பொருளா? மென்பொருள் எழுதுவது? குறுந்தகட்டில் பதிந்து பெட்டியில் அனுப்பினால் பொருள், அதே நிரலை இணைய வழியே அனுப்பினால் பொருள் இல்லை என்பதே தொழிலாளர் துறையின் நெடுநாள் நிலை. கம்ப்யூட்டர் சயன்சஸ் கார்ப்பரேஷனின் முன்னாள் ஊழியர்கள், தங்கள் மென்பொருள் வேலை இந்தியாவுக்குப் போனதையடுத்து, இதை எதிர்த்து சர்வதேச வர்த்தக நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2006ல், துறை தன் நிலையை மாற்றிக்கொண்டது. எந்த வழியாக அனுப்பினாலும் மென்பொருள் பொருள்தான் என்று ஏற்றுக்கொண்டது. மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு அது வெற்றி. தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னவர்களும் கணக்கு எழுதியவர்களும் இன்னும் வெளியேதான் நின்றார்கள்.

அவர்களுக்கு வாசல் திறந்தது 2009ல். அந்த ஆண்டு மே 18 முதல் அமலான திருத்தம், 'பொருள்' என்ற சொல்லோடு 'சேவை' என்பதையும் சேர்த்தது. அதற்குப் பிறகு வந்த மாற்றங்களைத் தேதியோடு தெரிந்துவைத்திருப்பது நல்லது.

2011 பிப்ரவரி: திருத்தம் காலாவதி, சேவைத் துறை வெளியே.
2011 அக்டோபர்: புதிய சட்டம், சேவைத் துறை உள்ளே.
2014 ஜனவரி: மறுபடி வெளியே.
2015 ஜூன் 29: மறுபடி உள்ளே.
2021 ஜூலை 1: மறுபடி வெளியே.
2022 ஜூலை 1: எல்லோருக்குமே புதிய மனு நிறுத்தம்.

உங்கள் குழுவின் சான்று எண்ணை வைத்தும் எந்த விதி பொருந்தும் என்று கண்டுபிடிக்கலாம். 90,000 முதல் 97,999 வரையிலான எண்கள் 2015 விதிகளின் கீழ் வருபவை. 98,000 முதல் உள்ளவை 2021க்குப் பிந்தைய குறுகிய விதிகளின் கீழ் வருபவை.

2015 விதிகள் கேட்ட கேள்விகள்

சேவை ஊழியர்களுக்கு மிகவும் பயன்பட்டவை இந்த விதிகள். நாளை திட்டம் உயிர்பெற்றாலும் அநேகமாக இதே கேள்விகள்தான் கேட்கப்படும். ஆகவே இவற்றைப் புரிந்துகொள்வது வீண் போகாது.

ஒன்று, எத்தனை பேர்? ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள குழுவில் 5 சதவீதம் அல்லது 50 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேருக்காவது வேலை போயிருக்க வேண்டும், அல்லது போகும் அபாயம் இருக்க வேண்டும்.

இரண்டு, வேலை எங்கே போனது? மூன்று வழிகளில் ஏதாவது ஒன்று போதும். நிறுவனமே அந்தச் சேவையைத் தன் வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றியிருக்கலாம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் அந்தச் சேவையை வாங்க ஆரம்பித்திருக்கலாம். அல்லது அதே வகைச் சேவையின் இறக்குமதி கூடி, உங்கள் நிறுவனத்தின் விற்பனை குறைந்திருக்கலாம்.

மூன்று, அதனால்தான் வேலை போனதா? வர்த்தகம் ஒரே காரணமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் அது முக்கியமான பங்கு வகித்திருக்க வேண்டும். பெயருக்கு ஒரு காரணமாக இருந்தால் போதாது.

இவற்றைத் தவிர நான்காவதாக ஒரு பக்கவாசலும் உண்டு. உங்கள் நிறுவனம், சான்று பெற்ற இன்னொரு நிறுவனத்துக்குச் சேவை வழங்கியிருந்து, அந்த வாடிக்கையாளர் போனதால் உங்கள் வேலையும் போயிருந்தால், 'இரண்டாம் நிலைப் பாதிப்பு' என்று அதுவும் கணக்கில் வரும்.

எது வரும், எது வராது?

விதியைவிட உதாரணம் தெளிவாகச் சொல்லும். கீழே உள்ளவை கற்பனைச் சூழல்கள். 2015 விதிகளை வைத்துப் பாருங்கள்.

ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பில்லிங் பிரிவில் 80 பேர். அந்த வேலை சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டு, 60 பேர் நீக்கப்படுகிறார்கள். இது வரும். வெளிநாட்டிலிருந்து சேவை வாங்குவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

அதே பிரிவில் ஒரு புதிய மென்பொருள் வந்து, அதனால் 60 பேர் தேவையில்லை என்கிறார்கள். இது வராது. இயந்திரத்தால் போன வேலை, இந்தச் சட்டத்தின் பார்வையில் வர்த்தகத்தால் போன வேலை ஆகாது.

அதே பிரிவில் 60 பேரையும் நீக்கிவிட்டு, அதே ஊரில், அதே கட்டடத்தில், விசாவில் வந்தவர்களை அமர்த்துகிறார்கள். இதுவும் வராது. ஆள் மாறியிருக்கிறார்கள், வேலை நாட்டை விட்டுப் போகவில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் நிரப்பப்படும் மனு அங்கேயே நின்றுவிடும்.

ஓர் ஓட்டலில் விருந்தினர் குறைந்ததால் வரவேற்பாளர்களை நீக்குகிறார்கள். வராது. ஓட்டல் அறை அங்கேயே இருக்கிறது, அந்தச் சேவையை வேறு நாட்டிலிருந்து வாங்க முடியாது.

வீட்டிலிருந்தபடி வேலை பார்த்தவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார், அவருடைய குழு வேறு மாநில அலுவலகத்தோடு சேர்ந்தது. அவரும் வருவார். ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் வந்து, தினசரி வேலையை வாடிக்கையாளர் நிறுவனமே மேற்பார்வை செய்த நிலையில் உள்ளவரும் வருவார். சம்பளச் சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் என்பதைவிட, யார் வேலை கொடுத்தார், யார் மேற்பார்த்தார், யார் நேரத்தை முடிவு செய்தார் என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் மிகப் பலர். "நான் கான்ட்ராக்டர்தானே" என்று அவர்களாகவே ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

2021க்குப் பிந்தைய விதிகளில், உற்பத்தி நிறுவனத்தைச் சேர்ந்திருந்தால்தான் சேவை ஊழியருக்கு இடம் இருந்தது. கார் உதிரிபாக ஆலையின் சம்பளக் கணக்குப் பிரிவில் இருந்தவர், அந்த ஆலையின் உற்பத்திக்கே துணையாக இருந்து, ஆலையும் வர்த்தகத்தால் பாதிக்கப்பட்டிருந்தால் உள்ளே வர முடிந்தது. உற்பத்தி வெளிநாட்டுக்கு மாறியது என்றால், எந்த நாடு என்பதும் அங்கே முக்கியமாக இருந்தது. மெக்சிகோ போல அமெரிக்காவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டுக்குப் போனால் வழி எளிதாக இருந்தது. இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் இருக்கவில்லை. ஆகவே அங்கே போன உற்பத்தி இறக்குமதியாகத் திரும்பி வருகிறது, அல்லது வரக்கூடும் என்பதையும் காட்ட வேண்டியிருந்தது.

இரண்டு படிகள்

முதல் படி குழுவுக்கானது. ஊழியர்கள் சேர்ந்தோ, தொழிற்சங்கமோ, நிறுவனத்தின் அதிகாரியோ, மாநில வேலைவாய்ப்பு அமைப்போ 2022 ஜூன் வரை மனுப் போட முடிந்தது. கட்டணம் இருக்கவில்லை, வழக்கறிஞரும் தேவைப்படவில்லை. வேலை போன ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டியிருந்தது. துறை 40 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். நிறுவனத்தின் உள்விவரங்களை ஊழியர்கள் தோண்டி எடுத்துத் தர வேண்டியிருக்கவில்லை. நிறுவனத்திடம் கேள்வி கேட்டு வாங்கும் அதிகாரமும், தராவிட்டால் சம்மன் அனுப்பும் அதிகாரமும் துறைக்கு இருந்தது. மனுவில் ஊழியர்கள் காட்ட வேண்டியிருந்தது, எந்தத் திசையில் விசாரிக்க வேண்டும் என்பதைத்தான். மனு நிராகரிக்கப்பட்டால் 30 நாளில் மறுபரிசீலனை கேட்கவும், 60 நாளில் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்துக்குப் போகவும் வழி இருந்தது.

இரண்டாம் படி உங்களுக்கானது. குழுவுக்குச் சான்று வந்துவிட்டால் பணம் தானாக வந்து சேராது. ஒவ்வொருவரும் தங்கள் மாநிலத்தில் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். பலர் தவறவிட்டது இந்தப் படியைத்தான். "சான்று வந்துவிட்டது" என்று சக ஊழியர் சொன்ன செய்தியோடு நின்றுவிட்டவர்கள், பயிற்சியில் சேர வேண்டிய 26 வாரக் கெடு போன பிறகுதான் விழித்தார்கள்.

எதற்காக இவ்வளவு முயற்சி?

2015 விதிகளின் கீழ் கிடைத்தவற்றைப் பார்த்தால் புரியும். புதிய தொழில் கற்கும் பயிற்சிச் செலவை அரசே கட்டியது. வேலையின்மைக் காப்பீடு தீர்ந்த பிறகு, பயிற்சியில் இருப்பவருக்கு வாரந்தோறும் உதவித் தொகை தொடர்ந்தது. காப்பீட்டு வாரங்களையும் சேர்த்து 130 வாரம் வரை அது போனது. இந்தத் தொகைக்கு, வேலை போவதற்கு முந்தைய 52 வாரத்தில் 26 வாரமாவது, வாரம் 30 டாலருக்குக் குறையாமல் சம்பாதித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேலை தேடி வெளியூர் போய்வரும் செலவில் 90 சதவீதம், 1,250 டாலர் வரை கிடைத்தது. புதிய வேலைக்காகக் குடிபெயர்ந்தால் அந்தச் செலவுக்கும் உதவி இருந்தது.

50 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு இன்னொரு வழி. குறைந்த சம்பளத்தில் ஒரு வேலையில் சேர்ந்து, ஆண்டுச் சம்பளம் 50,000 டாலரைத் தாண்டாமல் இருந்தால், பழைய சம்பளத்துக்கும் புதிய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி கிடைத்தது. இரண்டு வருடத்தில் அதிகபட்சம் 10,000 டாலர். ஐம்பத்தைந்து வயதில் புதிதாகப் படிக்கப் போக முடியாதவருக்கு இது வீட்டுக் கடன் தவணை தவறாமல் காத்த பணம்.

விசாவில் இருப்பவர்களுக்கு

குடியுரிமை வேண்டும் என்பதில்லை. நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவர்களின் நிலை வேறு. வாராந்திர உதவி வேலையின்மைக் காப்பீட்டோடு பிணைந்தது. அந்தக் காப்பீட்டுக்கு, உடனே வேறு வேலையில் சேர உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். எச்-1பி அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது என்பதால் அங்கே பெரும்பாலும் தடை வருகிறது. அவர்களுக்கு முதல் கவலை, வேலை போன நாளிலிருந்து கிடைக்கும் 60 நாள் அவகாசம்தான். குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பது மற்ற எல்லாவற்றுக்கும் முந்திய வேலை. வேலை அனுமதி உள்ள கணவனோ மனைவியோ தன் சொந்த வேலையை இழந்திருந்தால், அவருடைய தகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கதவு மூடியிருக்கும்போது

2022க்குப் பிறகு வேலை இழந்த சேவை ஊழியர் இந்த வரிசையில் போகலாம்.

முதலில் வேலையின்மைக் காப்பீடு. வேலை போன வாரத்திலேயே மாநில இணையதளத்தில் பதியுங்கள். கைப்பணம் இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் இழப்பது உங்கள் சொந்த உரிமையை.

இரண்டாவது, முன்னறிவிப்பு. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பெரிய அளவில் ஆட்குறைப்புச் செய்தால் 60 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது வார்ன் சட்டம். சில மாநிலங்களில் விதி இன்னும் கடுமையானது, நியூயார்க்கில் 90 நாள். அறிவிப்பு வராமலே வெளியேற்றப்பட்டிருந்தால், பணிநீக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, உங்கள் ஊரின் அமெரிக்கன் ஜாப் சென்டர். 2014ல் வந்த வேலைத்திறன் சட்டத்தின் கீழ், 'இடம்பெயர்க்கப்பட்ட தொழிலாளி' என்ற பிரிவு அங்கே உண்டு. வேலை எங்கே போனது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சென்னைக்குப் போனாலும், மென்பொருளுக்குப் போனாலும், கடையே மூடினாலும் ஒன்றுதான். வேலையின்மைக் காப்பீட்டுக்குத் தகுதி இருக்கிறதா, பழைய துறைக்கே திரும்பும் வாய்ப்புக் குறைவா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். பயிற்சிக்குப் பணமும் கிடைக்கலாம். ஆனால் டி.ஏ.ஏ. போல உரிமையாக வராது, அந்த வட்டாரத்தில் நிதி இருக்கும் வரைதான். ஆகவே சீக்கிரம் போங்கள். "இடம்பெயர்க்கப்பட்ட தொழிலாளி பிரிவில் பயிற்சிக்குப் பதிய வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சும்மா வேலை தேட வந்தேன் என்றால் கணினியின் முன் உட்காரவைத்துவிடுவார்கள்.

கோப்பை மூடாதீர்கள்

2014ல் சேவைத் துறை வெளியே தள்ளப்பட்டபோது மனுப் போட்டுத் தோற்றவர்கள் இருந்தார்கள். 2015 ஜூனில் சட்டம் திரும்ப வந்தபோது, அந்த இடைவெளியில் நிராகரிக்கப்பட்ட மனுக்களைத் தொழிலாளர் துறை தானாகவே மீண்டும் எடுத்துப் பார்த்தது. ஒன்றரை வருடம் முன்பு "இல்லை" என்று கேட்டவர்களில் பலருக்கு அதே மனுவின் மேல் "உண்டு" என்ற பதில் வந்தது. மறுபடி அப்படி நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நடந்தால், தாள் வைத்திருப்பவர் முன்னே நிற்பார். ஓர் உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்:

பணிநீக்கக் கடிதம், வார்ன் அறிவிப்பு.
கடைசி ஒரு வருடத்தின் சம்பளச் சீட்டுகள், டபிள்யூ-2 படிவம்.
ஏஜென்சி மூலம் வந்திருந்தால் இரு நிறுவனங்களின் பெயர், மேற்பார்த்தவரின் பொறுப்பு.
கே.டி. எப்போது தொடங்கியது, எந்த ஊர்க் குழுவுக்கு, எத்தனை வாரம் என்று உங்கள் கையால் எழுதிய தேதிக் குறிப்பு.
நிறுவனம் பொதுவில் வெளியிட்ட அறிவிப்புகள், உள்ளூர் நாளிதழ்ச் செய்திகள்.
கூட வேலை இழந்தவர்களின் தனிப்பட்ட தொலைபேசி எண்கள். அலுவலக மின்னஞ்சல் அன்றைக்கே நின்றுவிடும்.

நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களைப் பிரதி எடுக்காதீர்கள். அது உங்களுக்கே ஆபத்து, தேவையும் இல்லை. உங்கள் நினைவும் தேதியும் போதும்.

எஃகாலையில் வேலை இழந்தவரின் வீட்டில் அன்றிரவு எரியும் கவலையும் பில்லிங் பிரிவில் வேலை இழந்தவரின் வீட்டில் எரியும் கவலையும் ஒன்றே. சட்டம் அதை மூன்று முறை ஒப்புக்கொண்டிருக்கிறது: 2009ல், 2011ல், 2015ல். அடுத்த முறை அது கேட்கும்போது பதில் சொல்ல உங்களிடம் தேதியும் தாளும் இருக்கட்டும். இன்று செய்ய வேண்டியது, காப்பீட்டுக்குப் பதிவதும் ஜாப் சென்டரில் நேரம் வாங்குவதும்தான்.